கை மாத்து என்று சொல்லாதவள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் குடியுங்கள்.

நீங்கள் சேர்ந்த அன்று கிண்டி லாரி யார்டில் என்னை உங்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். டயரைத் தட்டிப் பார்ப்பது, மலை இறக்கத்தில் கியர் போடுவது, செக்போஸ்டில் பதறாமல் நிற்பது என்று எல்லாம் சொன்னேன். கடைசியில் "பெண்ணால் முடியாதது எதுவும் இல்லை" என்றும் சொன்னேன். கை தட்டினீர்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம் தொண்டையில் சிக்கிய மாத்திரை மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. முடியாமல் போன நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பெரியவர்கள் மாதிரி அறிவுரை சொல்ல எனக்கு வயதும் இல்லை. ஸ்டேரிங்கை விட்டு இறங்கியதே சமீபத்தில்தான். என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, யார் எந்த வண்டியில் எங்கே போவது என்று யார்டில் உட்கார்ந்து ட்ரிப் போடும் வேலைக்கு வந்துவிட்டேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஓட்ட வந்த புதிதில் கோலாப்பூரில் கிளம்பினால் ஹூப்ளி தாண்டும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் தாழ்ப்பாள் இல்லாத கழிவறை, வெளியே பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் இருபது ஆண்கள். நான்கு ட்ரிப் அப்படி ஓட்டிவிட்டு, அடிவயிற்று வலியில் நிமிர முடியாமல் அடையாறில் ஒரு லேடி டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"தண்ணியே குடிக்கறதில்லையா? நீங்க என்ன ஒட்டகமா?"

"லாரி டிரைவர், டாக்டர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லாரிக்கு மட்டும் வேளாவேளைக்கு ஊத்துவீங்க இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு எந்த ஊரில் எந்த பங்க்கில் கதவு மூடும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பாடம் படித்துவிட்டதாகவும் நினைத்தேன். நான் படித்தது கழிவறைகளைப் பற்றி மட்டும்தான். இறங்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ளவே இல்லை.

எங்கள் யார்டில் 'கை மாத்து' என்று ஒரு சொல் உண்டு. வெளியில் அதற்குக் கடன் என்று அர்த்தம். எங்களிடையே ஸ்டேரிங்கை மாற்றிக்கொள்வது. நெடுந்தூர வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருப்போம். ஓட்டிக்கொண்டிருப்பவர் "கை மாத்து" என்றால் மற்றவர் எழுந்து வந்து வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தூக்கமாக இருக்கலாம், நெஞ்செரிச்சலாக இருக்கலாம், வீட்டில் சண்டையாக இருக்கலாம். காரணம் கேட்டால் சொல்லத் தயங்குவான், தயங்குபவன் வண்டியை விடமாட்டான். அதற்காக வைத்த வழக்கம். இவ்வளவு நல்ல சொல்லை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆண்கள் சொன்னால் களைப்பு என்பார்கள், நான் சொன்னால் பொம்பளை என்பார்கள். அதனால் சொல்லாமல் இருப்பதையே ஒரு பெருமையாக வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் போன முதல் ட்ரிப் சூரத்துக்கு. தீபாவளி சமயம். தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் புடவை லோடு ஏற்றி வர வேண்டும். பாப்பாவுக்கு ஒரு வயது ஆகவில்லை. தயிர்சாதம் சாப்பிடுகிறாள், புட்டிப்பாலும் குடிக்கிறாள், என் கணவர் மந்தைவெளியில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையிலேயே தொட்டில் கட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், பிறகென்ன என்று கிளம்பிவிட்டேன். குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று ஓயாமல் யோசித்தேன். நான் கொடுக்காவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. படித்தவள்தான், பி.காம். போனில் தேடிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

போகும்போது பங்க் கழிவறைகளில் பீய்ச்சிவிட்டுச் சமாளித்தேன். வாஷ்பேசினில் பால் ஓடுவதைப் பார்க்கையில் பாப்பாவின் வாயிலிருந்து பிடுங்கி ஊற்றுவது போல இருக்கும். சட்டென்று குழாயைத் திறந்துவிடுவேன். திரும்பி வருகையில்தான் ஆரம்பித்தது. லோடுக்கு அவசரம் என்று கடையிலிருந்து போன் மேல் போன். நிறுத்திய இடங்களில் கதவு மூடவில்லை. பெங்களூரு தாண்டும்போது வலது மார்பு முழுதும் கல்லாக இருந்தது. வேலூர் வருகையில் குளிர ஆரம்பித்தது.

என்னுடன் வந்த ஓட்டுநரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வடபழனிக்காரர். ஓயாமல் பாடுவார், பாட்டு வரிகள் தெரியாத இடத்தில் தானே இட்டுக்கட்டிப் போட்டுக்கொள்வார். "அண்ணா, கொஞ்சம் ஓரங்கட்டுங்க, நான் பின்னால திரை போட்டுட்டு உக்காந்துக்கறேன், நீங்க கீழ நில்லுங்க." சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ராணிப்பேட்டை முழுக்க அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'எதுக்கும்மா?' என்று அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டது.

என் முகத்தைப் பார்த்து அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? நான் இன்னா பண்ணேன்? பாட்டா?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"நல்லா இல்லன்னா சொல்லிடு. எங்க ஊட்லயும் அதான் சொல்றாங்கோ."

"ஒண்ணும் இல்லண்ணா."

அதோடு அவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.  

விடியும்போது தி.நகருக்குள் நுழைந்துவிட்டோம். உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கடையின் குடோன். பெரிய வண்டிகள் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்னால் ஊரை விட்டு வெளியேறிவிட வேண்டும். அன்று லோடு இறக்குகிறவர்கள் பாதிப் பேர் வரவில்லை. ஒவ்வொரு பண்டலாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. என் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் கிளம்பினால் கால் மணி நேரம் ஆகாது.

கணவர் போன் செய்தார். பின்னால் பாப்பா அழும் சத்தம்.

"ராத்திரி பூரா தூங்கல இவ. வந்துட்டியா? தூக்கிட்டு வரட்டுமா அங்க?"

அந்த அழுகையைக் கேட்டதும் என் சட்டை நனைந்துவிட்டது. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. துண்டை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாம்."

"பத்து நிமிஷத்துல வந்துடுவேன்."

"வேண்டாங்க. இங்க ஒரே தூசி. குழந்தைக்கு ஒத்துக்காது."

தூசி என்றது பொய். கீழே லோடு இறக்குகிறவர்கள், கடை வாட்ச்மேன், டீக்கடை வாசலில் ஒரு கூட்டம். லாரிக்குள் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுப்பவளாக இவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது. லாரி ஓட்டுகிறவளாகப் பார்க்க வைப்பதற்கே எனக்கு எவ்வளவோ காலம் பிடித்திருந்தது. பசித்த குழந்தை ஒரு பக்கம், கட்டிக்கொண்ட பால் ஒரு பக்கம், நடுவில் என் மானம். போனை வைத்துவிட்டேன்.

கடைசிப் பண்டல் இறங்கியபோது சந்து விழித்துவிட்டிருந்தது. சைக்கிள்கள், சீருடைப் பிள்ளைகள், பால் பாக்கெட் டப்பாக்கள். வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் வெளியே போக முடியும். முறைப்படி இப்போது என் கை, நான்தான் ஓட்ட வேண்டும்.

"நான் எடுக்கட்டாம்மா?" என்றார் அண்ணா.

காரணம் கேட்காமல், சொல்ல வேண்டிய அவசியமும் வைக்காமல், அந்தச் சொல்லை அவரே என் கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"நானே எடுக்கறேண்ணா."

அவர் பின்னால் போய் நின்று குரல் கொடுத்தார். "வா, வா, வா. லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. வா." ஸ்டேரிங்கை முழுதாக ஒடிக்கையில் அக்குளிலிருந்து மார்பு வரை கத்தி வைத்து இழுத்தாற்போல இருந்தது. கை தானாகத் தளர்ந்துவிட்டது. ஸ்டேரிங் பாதியில் நழுவித் திரும்பியது. வண்டி மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து! நிறுத்து!"

அண்ணா வண்டியின் உடம்பில் படபடவென்று அறையும் சத்தம். பிரேக்கை மிதித்தேன். மிதித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் மரம் முறியும் சத்தம் கேட்டிருந்தது. அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க நான் ஒரு கொலைகாரியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு பெண் குரல் கிளம்பியது. அவ்வளவு கெட்ட வார்த்தைகளை அவ்வளவு சந்தோஷத்துடன் நான் கேட்டதில்லை.

சந்து முனையில் பூ விற்கும் அம்மா. பலகையையும் முக்காலியையும் போட்டு உட்கார்ந்திருந்தவர், சத்தம் கேட்டுத் துள்ளி எழுந்திருக்கிறார். முக்காலி சக்கரத்துக்கு அடியில். பலகை இரண்டாகக் கிடந்தது. கதம்பமும் சாமந்தியும் சாக்கடை ஓரம்.

"எவன்டா அவன் டிரைவர்? கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? எறங்குடா கீழ!"

"பொம்பளைம்மா டிரைவரு," என்றான் லோடு இறக்கியவர்களில் ஒருவன்.

"அதானே பாத்தேன்," என்றான் இன்னொருவன். டீக்கடைப் பக்கம் சிரிப்பு.

அந்த அம்மா படியில் கால் வைத்து ஏறி என் கதவை இழுத்துத் திறந்தார். அடிக்கத்தான் வந்தார், கை ஓங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். துண்டு நழுவியிருந்தது. ஓங்கிய கையைக் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்தார்.

"ஐயே! இன்னாடி இது, நெருப்பா கொதிக்குது! பால் கட்டிக்கினு கீதுடி உனக்கு! புள்ள எங்க?"

சந்து முழுதும் கேட்டது. பூ விற்கிற தொண்டை. சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் லாரி டயரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"புள்ள எங்கன்னு கேக்கறேன்!"

"வீட்ல."

"வரச் சொல்லுடி. படிச்ச பொண்ணாட்டம் கீறே, இதைப் போய் அடக்கிக்கினு வண்டி ஓட்டுவியா? நான் செத்து கித்துப் பூட்டா எங்க ஊட்ல யாரு சோறாக்கறது?"

என் போன் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அண்ணாதான் தன் போனிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டார். "தம்பி, புள்ளையத் தூக்கிக்கினு வா. சீக்கிரம். ஏன்னு கேக்காத" என்று மட்டும் சொன்னார்.

பாப்பா வந்தாள். பின் சீட்டில் திரையை இழுத்துவிட்டு மடியில் போட்டுக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீசல் நாற்றம், நாள் கணக்கான வியர்வை. நீ யார் என்று பார்த்தாள். மறுபடி வாயருகே கொண்டுபோனேன். முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். வேண்டாம் என்று நான் போனில் சொன்ன பதில் அப்படியே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே விசில் சத்தம். டிராஃபிக் போலீஸ்.

"யாருயா வண்டி? எடு, எடு! ஸ்கூல் டைம்!"

"ரெண்டு நிமிசம் சார்," என்றது அண்ணாவின் குரல்.

"இன்னாத்துக்கு ரெண்டு நிமிஷம்?"

"என்ஜின் சூடு சார்."

"இன்னா சூடு? இப்போதானேயா ரிவர்ஸ் எடுத்தே?"

 பூக்கார அம்மா முந்திக்கொண்டார்.

"உள்ள புள்ளைக்குப் பால் குடுக்குது சார்! நீ வேற விசில் ஊதி புள்ளைய மெரட்டிக்கினு! அந்தாண்ட போய் ஊது!"

விசில் நின்றது. திரை இடுக்கில் பார்த்தேன். அவரும் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சந்து முனைக்குப் போய் வருகிற ஆட்டோக்களை வேறு வழியில் திருப்பிவிட ஆரம்பித்தார். அந்த அமைதியில், எப்போது என்று தெரியவில்லை, பாப்பா குடிக்க ஆரம்பித்தாள். வலியில் என் கண்ணில் நீர் வந்தது. வலி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அண்ணாதான் வண்டியைக் கிண்டிக்கு எடுத்துப் போனார். குழந்தை என் மடியில் தூங்கிவிட்டிருந்தாள். சைதாப்பேட்டை பாலத்தில் ஏறுகையில் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு முந்தாநேத்தே தெரியும்மா. ஒடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தே. எங்க ஊட்லயும் ரெண்டு பெத்திருக்குதில்ல?"

"கேட்டிருக்கலாமேண்ணா."

"எப்டிம்மா கேக்கறது? பொம்பளைப் புள்ள. நீ தப்பா எடுத்துக்கினா? பாட்டு புடிக்கலியான்னு கேட்டேன். வேற இன்னா கேக்கறதுன்னு தெரியல."

 அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஒரு கேபினுக்குள் தோளோடு தோள் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரு சொல்லை விழுங்கியிருக்கிறோம். அந்த மரியாதைக்கு விலையாக ஒரு பெண் சக்கரத்துக்கடியில் போயிருப்பார்.

காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆயிற்று. பூக்கார அம்மாவுக்குப் புதுப் பலகையும் முக்காலியும் என் கணவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். இன்றைக்கும் தி.நகரில் துணி எடுக்கப் போனால் அந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். எதிரே வந்தால் அந்தக் குரல் மறுபடி எல்லோர் முன்னாலும் நலம் விசாரித்துவிடுமோ என்று பயம். உயிரோடு இருக்கிறவரைப் பார்க்கக் கூசுகிறவள்தான் உங்களுக்கு மேடையேறி தைரியம் சொன்னாள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இந்த வாரம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் உங்களில் ஒருத்தி. கைக்குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்கு வந்தவள். புனே ட்ரிப்புக்குச் சாவி வாங்க வந்தபோது பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியாதா அந்த நிற்பு?

சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள், மேசை மேல் டீ, லோடுக்கு அவசரம்.

"எல்லாம் ஓகேவா?" என்று கேட்டேன்.

"ஓகேதான்க்கா."

சாவியைக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு பட்ட பிறகும், கேட்க வேண்டியதைக் கேட்காமல், 'ஓகேவா' என்று கேட்டேன். அண்ணா பாட்டைப் பற்றிக் கேட்டாரே, அதே மாதிரி. டீ ஆறிப்போனது. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. வண்டி காஞ்சிபுரத்தைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டபடி போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். வெளியே போய்ப் பேசலாமா என்று பார்த்தேன். வெளியே மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே கூப்பிட்டேன். முதலில் குரலைத் தணித்துத்தான் ஆரம்பித்தேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"இன்னாக்கா? சத்தமா பேசுங்க!"

"பால் கட்டியிருக்கான்னு கேட்டேன்!"

ஆபீசில் கீபோர்டுகள் நின்றன. ஒருவர் கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது மடல் இரண்டும் சுட்டன.  பிறகு அவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில்:

"அக்கா, போன் ஸ்பீக்கர்ல கீதுக்கா. அண்ணன் கேட்டுக்கினு இருக்காரு."

போனை வைத்துவிடலாம் என்றுதான் கை போனது. அதற்குள், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரின் குரல் குறுக்கே வந்தது. கூடவே இண்டிகேட்டர் அடிக்கும் சத்தம்.

"ஓரங்கட்டிக்கினு இருக்கேன்மா. நான் கீழ எறங்கி அந்தாண்ட நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்க."